கழுத்து நெட்டி இலவசம்

பிப்ரவரி 1, ஞாயிறு

இந்த டைரி இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சுந்தரபாண்டியன் ஓசியில் கொடுத்தது. ஓசியில் வாங்கியதை ஒரு மாதம் சும்மா போட்டு வைத்திருந்தேன். “எழுதுங்களேன், எழுதுற நேரமாச்சும் வாய் மூடியிருக்கும்” என்றாள் மரகதம். மனைவி சொல்லைத் தட்டாதவன் என்று எனக்கு ஊரில் பெயர் இருக்கிறது. பெயரைக் கிளப்பிவிட்டதும் நானேதான்.

யார் கையிலாவது இது சிக்கினால் தெரிந்துகொள்ளட்டும்: நாகரத்தினம், வயது ஐம்பத்தொன்று. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ‘நாகு ஹேர் ஸ்டைல்ஸ்’. கலெக்டர் ஆபீசு பியூனிலிருந்து கவுன்சிலர் வரை எல்லாரும் என் முன்னால் தலை குனிந்தவர்கள். என் தலையில் மட்டும் முடி கிடையாது. “ஓட்டல்காரன் வீட்டுல சாப்பிட மாட்டான்ல, அது மாதிரி” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிறு என்பதால் காலை ஆறு மணிக்கே கூட்டம். ரிடையர்டு வாத்தியார் கோதண்டம் வந்தார். மீசைக்கு மட்டும் டை அடிப்பார், தலைக்கு வேண்டாமாம். தலை ஓய்வு பெற்றுவிட்டது, மீசை இன்னும் சர்வீசில் இருக்கிறது போல. பத்தரை மணிக்கு ஜெயவீரன் வந்தான். கவர்மெண்ட் டவுன் பஸ் டிரைவர். திருமங்கலத்துக்கும் மதுரை பெரியார் நிலையத்துக்கும் இருபத்திரண்டு வருடமாக வண்டி அடிப்பவன். என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கொழுந்தியா மகள் கல்யாணத்துக்காகக் கட்டிங், ஷேவிங், டை, எல்லாம்.

கடைசியில் நெட்டி எடுத்தேன். நம் கடையில் கட்டிங்குக்குக் காசு, கழுத்து நெட்டி இலவசம். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை, இரண்டு பேச்சு கொடுத்து ஆளை அசர வைத்து, ஒரே சுண்டு. இடது பக்கம் முறுக்கு உடைத்த மாதிரி சத்தம். வலது பக்கம் வந்ததே ஒரு சத்தம்! பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். “என்னடா மாப்ள, எலும்ப ஒடச்சிட்டியா?” என்றான் வீரன். “ஒடஞ்சா ஒட்டித் தருவேன், சர்வீஸ் சார்ஜ் தனி” என்றேன். கடையே சிரித்தது.

அந்தச் சத்தத்துக்காகவே அடுத்து இருந்த இருவரும் நெட்டி கேட்டு வாங்கினார்கள். விளம்பரம் என்றால் அதுதான்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கடை விடுமுறை. தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இதற்குக் கடையே தேவலை.

பிப்ரவரி 4, புதன்

மத்தியானம் ஈ ஓட்டும் நேரத்தில் வீரன் வந்தான். வலது பக்கக் கழுத்தில் பிடித்த மாதிரி வலியாம். காதுக்குக் கீழே ஆரம்பித்துப் புருவத்துக்கு மேலே வரை குடைகிறதாம். “கல்யாண வீட்டுல தலகாணி சரியில்லடா” என்றான். வாயுப் பிடிப்பு என்றேன். எதைச் சொன்னாலும் வாயு என்பதில் ஒரு வசதி, யாரும் மறுத்துப் பேசியதில்லை.

நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்து, வலப் பக்கமே இன்னொரு தடவை இழுத்துவிட்டேன். சத்தம் வந்தது. “சரியாப் போச்சா?” என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “ம்” என்றான். டீக்கு அவனே காசு கொடுத்தான். அது வழக்கமில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்றைய விசேஷச் செய்தி: ஜெயவீரன் கண்ணடிக்கிறான்!

கண்டக்டர் மொக்கைச்சாமி வந்து சொல்லி எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கப்பலூரில் ஏறிய நர்ஸம்மா, “உங்க டிரைவர் கண்ணாடில என்னையப் பாத்துக் கண்ணடிக்கிறாரு, கம்ப்ளைண்ட் பண்ணவா?” என்று கேட்டதாம். சாயங்காலம் அவனே வந்தான். வலது கண்ணின் மேல் இமை பாதி இறங்கிக் கிடந்தது, ஷட்டரை முழுசாகத் தூக்காத கடை மாதிரி.

“ஏன்டா, அம்பத்தோரு வயசுல ஆரம்பிச்சிருக்க? பஞ்சவர்ணத்துக்குத் தெரியுமா?”

“அவதான்டா மொதல்ல பாத்தா. யாருக்கு அடிச்சுப் பழகுறன்னு கேட்டு ரெண்டு நாளா கொழம்பே ஊத்தல.”

பஞ்சவர்ணம் அவன் மனைவி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முந்நூறு பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றுகிறவள், புருஷனுக்கு ஊற்றவில்லை என்றால் கோபம் பெரிசுதான்.

இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினானாம். தூக்கக் குறைவு என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

ஷேவ் பண்ணும்போது டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றைக் கவனித்தேன். முப்பது வருடம் மூஞ்சிகளை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறவன் நான். அவனுடைய இடது கண்ணின் பாப்பா மிளகு மாதிரி இருந்தது. வலது கண்ணின் பாப்பா கடுகு மாதிரி இருந்தது. லைட்டைப் பழி சொல்லலாம், பழைய லைட்டுதான். அவனிடம் சொல்லவில்லை.

கழுத்து வலி பற்றியும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தலையை மட்டும் உடம்போடு சேர்த்துத் திருப்பினான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நல்ல கூட்டம். இன்று யாருக்கும் நெட்டி எடுக்கவில்லை. மணிக்கட்டு வலி.

பிப்ரவரி 9, திங்கள்

மணிக்கட்டு வலி தொடர்கிறது. மரகதம் அயோடெக்ஸ் தேய்க்க வந்தாள். எந்தக் கை என்று கேட்டாள். சட்டென்று சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கடை லீவு என்பதால் வீரனோடும் பஞ்சவர்ணத்தோடும் மதுரையில் ஒரு கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் உதவும்.

நாலு அறை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். எழுத்துப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். பார்வையில் குறையே இல்லை. கடைசியாக டாக்டர் ஃபரீதா. சின்ன வயசு. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சால் இரண்டு கண்ணையும் பார்த்தார். “வெளிச்சம் கம்மியா இருந்தா ரெண்டு பாப்பாவும் விரியணும். உங்க வலது பாப்பா விரியல” என்றார். அப்படியானால் என் டியூப் லைட்டில் கோளாறில்லை.

பிறகு இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டு, நாற்பது நிமிடம் வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருக்கும்போதே அதிசயம் நடந்தது. தொங்கிய இமை மெல்ல மேலே ஏறிவிட்டது! பஞ்சவர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். வீரன் போன் கேமராவில் தன்னைப் பார்த்து, “எரநூறு ரூவா மருந்துல முடிய வேண்டியதுக்கு மதுரை வரைக்கும் வந்தோமே” என்றான். நான் மூன்று பேருக்கும் பருத்திப்பால் வாங்கினேன்.

உள்ளே போனால் டாக்டர் சிரிக்கவில்லை.

“இந்த மருந்துக்கு நல்ல கண்ணு இப்படித் தூக்காதுங்க. நரம்பு அறுபட்டுப் பசியோட இருக்கிற கண்ணுதான் ஒரு சொட்டுக்கே இப்படி எந்திரிக்கும். கண்ணுல நோய் இல்ல. கண்ணுக்கு வர்ற லைன்ல எங்கயோ கோளாறு.”

அந்த நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, நெஞ்சு வரை இறங்கி, நுரையீரல் உச்சியைத் தொட்டு, மறுபடி கழுத்து வழியாக ஏறிக் கண்ணுக்கு வருமாம். டவுன் பஸ்ஸே இவ்வளவு சுற்றாது. வழியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். கேள்விகள் கேட்டார்.

“பீடி, சிகரெட்?”

“ஒரு கட்டுங்க. முன்னாடி ரெண்டு.”

“கழுத்துல அடி, விபத்து, கீழ விழுந்தது?”

“இல்லைங்க.”

“கழுத்து வலி, தலைவலி?”

வீரன் என்னைப் பார்த்தான். வலி என்றால் டிப்போவில் வண்டி தர மாட்டார்கள் என்று பயம் அவனுக்கு. “அதெல்லாம் இல்லைங்க மேடம்” என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க யாரு?”

“ஃப்ரெண்டுங்க.”

“என்ன பண்றீங்க?”

“சொந்தத் தொழிலுங்க.”

கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கே எடுத்துவிட்டுப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். சாயங்கால டிரிப்புக்கு ஆள் இல்லை என்று வீரன் ஒற்றைக் காலில் நின்று, வருகிற செவ்வாய்க்குத் தேதி வாங்கினான். நான் ஏதும் பேசவில்லை. வழக்கமாக நான் பேசாத விஷயம் உலகத்தில் கிடையாது.

பிப்ரவரி 11, புதன்

போனில் கொஞ்ச நேரம் தேடிப் படித்தேன். எதைத் தேடினேன் என்று எழுத வேண்டிய அவசியமில்லை. நாலு பேர் கட்டிங்குக்கு வந்தார்கள். கோதண்டம் வாத்தியார் நெட்டி கேட்டார். மணிக்கட்டு என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

பஞ்சவர்ணம் கடைக்கே வந்துவிட்டாள். ஆண்கள் உட்காரும் கடைக்குள் அவள் வந்தது இதுவே முதல் தடவை. பாதி ஷேவில் இருந்த கவுன்சிலர் நுரையோடு எழுந்து நின்றார்.

“அண்ணே, நுரையீரல் உச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல, அங்க கட்டி இருந்தா இப்படித்தான் கண்ணு சொருகுமாம். எங்க ஸ்கூல் சயின்ஸ் டீச்சர் சொல்றாங்க. பீடியாலதான்னே. எத்தன வருஷமாச் சொல்றேன். அவர் என் பேச்சக் கேக்க மாட்டாரு, நீங்க சொன்னாக் கேப்பாரு.”

அழுதாள். முந்தானையால் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்துவிட்டது.

“ஆமாம்மா, பீடியாத்தான் இருக்கும்” என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வைத்து வீரனைப் பிடித்து வாயில் வந்தபடி திட்டினேன். அவன் சட்டைப் பையிலிருந்த கட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். பத்து பேர் பார்த்தார்கள். நண்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டைம் கீப்பர் பாராட்டினார்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. வாயு.

பிப்ரவரி 13, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணி. கடையில் நாங்கள் இருவர் மட்டும். இரண்டே முக்காலுக்கு அவன் வண்டி எடுக்க வேண்டும். டீ வாங்கி வந்தேன். அவன் வலது கையில் போனை வைத்துக்கொண்டு இடது கையால் கிளாசை வாங்கினான். வாயருகே கொண்டுபோகும்போது கிளாஸ் நழுவியது. நழுவியது என்பதுகூடச் சரியில்லை. விரல்கள் அதை விட்டுவிட்டன. சூடு டீ தொடையில் கொட்டியும் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடைய கையோ என்பது மாதிரி.

“தூக்குடா” என்றேன்.

தூக்கினான். தோள் வந்தது, கை வரவில்லை. நாக்கும் கொஞ்சம் குழறியது. மரத்துப் போச்சு என்பதை “மத… மத்துப் போச்சு” என்றான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு நிமிடம். ஐந்தாவது நிமிடம் விரலை மடக்கினான், நீட்டினான், சிரித்தான். “பாத்தியா, ஒண்ணுமில்ல. கைய மடக்கிப் படுத்திருப்பேன்.” பேண்ட்டைத் துடைத்துவிட்டு, கொடியில் காய்ந்த காக்கிச் சட்டையை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டி. காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டு வரை தொங்குவார்கள்.

நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் குறுக்கே நின்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த நம்பருக்குப் போட்டேன். மூன்று இடத்துக்கு மாற்றி, மூன்று முறை பாட்டுக் கேட்க வைத்து, கடைசியில் டாக்டர் ஃபரீதா வந்தார். கை விழுந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

“மேடம், நான் அன்னிக்கு ஃப்ரெண்டுன்னு சொன்னேன்ல. ஃப்ரெண்டுதான். ஆனா நான் சலூன் வச்சிருக்கேங்க. ஒண்ணாந் தேதி அவனுக்கு நெட்டி எடுத்தேன். வலது பக்கம். பெரிய சத்தம் வந்துச்சு. நாலாந் தேதி வலிக்குதுன்னு வந்தான். அன்னிக்கும் எடுத்தேன்.”

“அதே பக்கமா?”

“அதே பக்கம்.”

பிறகு பேசியது டாக்டர் மாதிரி இல்லை, போலீஸ் மாதிரி. “வண்டி ஓட்டக் கூடாது. பைக்குல கூட்டிட்டு வரக் கூடாது. படுக்க வைங்க. கழுத்த யாரும் தொடக் கூடாது, நீங்களும். நூத்தியெட்டக் கூப்பிடுங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்றேன், நேரா அங்க போங்க, நான் அவங்ககிட்டப் பேசிடுறேன்.”

எல்லாவற்றையும் வீரன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். காக்கிச் சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தது.

“லூசாடா நீ? ஊரே உங்கிட்டத்தான் நெட்டி எடுக்குது. எனக்கு மட்டும் என்ன?”

“படுடா.”

“இருவத்திரண்டு வருஷத்துல ஒரு டிரிப் கட் பண்ணதில்லடா நான்.”

“மாப்ள, கால்ல விழுறேன், படு.”

என் முகத்தை அவன் அப்படிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பெஞ்சில் மெதுவாகப் படுத்தான். மொக்கைச்சாமிக்குப் போன் பண்ணி வேறு டிரைவர் போடச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நெஞ்சில் கட்டி எதுவும் இல்லை. கழுத்தில்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், வலது பக்கம், உள்சுவர் கிழிந்திருக்கிறது. இங்குள்ள நரம்பு டாக்டர் பேப்பரில் வரைந்து காட்டினார். சைக்கிள் டயருக்குள் டியூப் மாதிரி குழாய்க்கு இரண்டு மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்ததும் ரத்தம் இடையில் புகுந்து வீங்கிவிட்டது. அந்தக் குழாயைச் சுற்றிக் கொடி மாதிரி ஏறுவதுதான் கண்ணுக்குப் போகிற நரம்பு. வீக்கம் அதை நசுக்கி இமையை இறக்கிவிட்டது. கிழிசலில் ரத்தம் உறைந்து, சின்னத் துணுக்கு ஒன்று மூளைக்குப் போனதால் நேற்று கை விழுந்தது. பெரிய துணுக்கு போயிருந்தால், என்று சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆப்பரேஷன் கிடையாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. கிழிசல் தானாக ஆற வேண்டும். முதல் இரண்டு வாரம்தான் கண்டம்.

“நெட்டி எடுக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகுமாங்க?” என்றேன்.

“ஆகாது. ரொம்ப அபூர்வம். ஆனா ஆனவருக்கு அது அபூர்வமில்ல” என்றார்.

பஞ்சவர்ணம் காப்பி வாங்கப் போயிருந்தாள். வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கட்டி இல்லியாம்ணே, சாமி புண்ணியம். ஆனா கழுத்துல ஏதோ அழுத்தம் பட்டிருக்குன்னு நர்சு சொல்றாங்க. இவருக்கு எங்கண்ணே பட்டுச்சு?”

சொன்னேன். ஒன்றாம் தேதி, நாலாம் தேதி, பத்தாம் தேதி டாக்டர் கேட்டபோது வாயைத் திறக்காதது, எல்லாம்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை. காப்பியைக் கீழே வைத்தாள்.

“பீடின்னு சொன்னீங்களே.”

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணே என்று முடிக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கடை திறக்கவில்லை. முப்பது வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை மூடியது எங்கள் அப்பா இறந்தபோதுதான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஆறாவது நாள். கை விழவில்லை. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், பஞ்சவர்ணம் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். வழிவிட எழவில்லை. நர்ஸ் மூலமாக ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கடை திறந்தேன். ‘கழுத்து நெட்டி இலவசம்’ என்று கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பிளேடால் சுரண்டினேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. இப்போது ‘இலவசம்’ மட்டும் இருக்கிறது. காலையிலேயே இரண்டு பேர் எது இலவசம் என்று கேட்டுவிட்டார்கள்.

கோதண்டம் வாத்தியாருக்குக் கட்டிங் முடிந்தும் எழவில்லை. கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இனிமே இல்ல சார்.”

“ஏம்ப்பா, மணிக்கட்டு இன்னுமா வலிக்குது?”

“மணிக்கட்டு என்னிக்குமே வலிக்கல சார்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்தார். பிறகு, “முப்பது வருஷம் நான் தப்பிச்சிருக்கேன்” என்று ரிசல்ட் வந்த பையன் மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 28, சனி

பதினைந்தாவது நாளும் முடிந்தது. வீரன் வீட்டுக்கு வந்துவிட்டான். மொக்கைச்சாமிதான் சொன்னான். எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

முடிதிருத்துவோர் சங்கக் கூட்டம். டாக்டர் ஃபரீதா போனில், “உங்க ஆளுங்ககிட்ட நீங்க பேசுனா எடுபடும், நான் பேசுனா கொட்டாவி விடுவாங்க” என்று சொல்லியிருந்தார். பேசினேன். முதல் ஐந்து நிமிடம் வழக்கம்போல் சிரிக்க வைத்தேன். பஸ்ஸில் கண்ணடித்த கதைக்குக் கைதட்டல்கூட வந்தது. பிறகு ஆஸ்பத்திரிக் கதை. கைதட்டல் நின்றது. நெட்டி எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றேன்.

செக்கானூரணி ஆள் எழுந்தார். “யாரோ தொழில் தெரியாத கத்துக்குட்டி எசகுபிசகா இழுத்திருப்பான். அதுக்கு நாம எதுக்குப்பா நிறுத்தணும்? எவன் அவன்?”

“நான்தான்” என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது நாலு பேர் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். செக்கானூரணிக்காரர் பிடிக்கவில்லை. ஆனால் தன் கையைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மார்ச் 29, ஞாயிறு

வீரன் நடந்து வந்தான்! கூட்டத்துக்கு நடுவே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, “தாடி எடு. கழுத்துப் பக்கம் வந்த, கேஸ் போட்ருவேன்” என்றான். இமை முழுதாக ஏறவில்லை. சோப்பு போடும்போது என் கை நடுங்கியது. “கத்தி எடுக்கையில இந்த ஆட்டம் ஆட்டாத, அதுக்கு வேற டாக்டரு இருக்காரு” என்றான்.

“கோவம் இல்லியாடா?”

“இருந்துச்சு. ரெண்டு வாரம் படுத்திருந்தேன்ல, வேல எதுவும் இல்ல, ஒன்னத் திட்டிட்டே இருந்தேன். அப்புறம் தீந்துபோச்சு. நீ அந்தப் போனப் போடாட்டி நான் கப்பலூர் பாலத்துல வண்டியோட போயிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு. வண்டில எழுவது பேரு.”

“பஞ்சவர்ணம்?”

“அவளுக்குத் தீரல.”

மே 19, செவ்வாய்

மூன்று மாத ஸ்கேன். குழாய் ஆறிவிட்டது என்று ரிப்போர்ட். இமை இவ்வளவுதான் ஏறும், பாப்பா சின்னதாகவே இருக்கலாம் என்றார் டாக்டர் ஃபரீதா. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரைதான் போனேன். பஞ்சவர்ணம் என்னைக் கடந்து ஆட்டோ பிடித்தாள். செருப்பு மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்த மாதிரி இருந்தது. நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

டிப்போவில் அவனை டைம் ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். மெடிக்கல் போர்டு சொன்னால்தான் வண்டி.

ஜூலை 13, திங்கள்

போர்டில் ஃபிட் கொடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் முதல் வண்டி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். காலையிலிருந்து மூன்று பேருக்குக் காதோரம் ஏற்ற இறக்கமாக வெட்டிவிட்டேன்.

ஜூலை 15, புதன்

காலை ஐந்து இருபது வண்டி. கடை திறக்கும் நேரம். திறக்கவில்லை. மதுரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மொக்கைச்சாமியிடம் பெரியார் வரை டிக்கெட் வாங்கி, டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

வீரன் ஏறினான். கண்ணாடியைச் சரி செய்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“எங்கடா?”

“சும்மா. மீனாட்சியப் பாக்க.”

“மீனாட்சியப் பாக்கப் போறவன் பின்னாடி சீட்டுல உக்காந்து எங் கழுத்தத்தான் பாப்பானா? கூசுதுடா.”

வண்டி கிளம்பியது. அப்போதுதான் இந்தப் பக்கம் பெண்கள் சீட்டில், முதல் வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஞ்சவர்ணம் இருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். வெளியே இன்னும் இருட்டு, ஒன்றும் தெரியவில்லை.

வீரன் வலது பக்கம் தலையைத் திருப்பி லாரி பார்த்தபோது என் கை தானாக என் கழுத்துக்குப் போனது. அவள் கை முன் கம்பியை இறுகப் பிடித்தது. இடது கையால் கியர் போட்டான். விரல்கள் மடங்கின. நான் அந்த விரல்களை எண்ணினேன் என்றுகூடச் சொல்லலாம். கப்பலூர் பாலம் வந்தது, போனது. திருப்பரங்குன்றத்தில் மார்க்கெட்டுக் கூட்டம் ஏறியது. ஒரு நர்ஸம்மா கண்ணாடியில் அவனைப் பார்த்து முறைத்தாள். அவன் எதையும் கவனிக்காமல் ஓட்டினான், இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவன் மாதிரி.

பெரியார் நிலையத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவனும் டீ குடிக்க இறங்கினான். வண்டிக்குள் நானும் அவளும் மட்டும்.

அவள் என்னோடு பேசி ஐந்து மாதம். டிக்கெட்டை மடித்து மடித்துச் சுருட்டினேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “எனக்கு ஓசி டிக்கெட்டு. நீங்க காசு குடுத்துல்ல காவல் உக்காந்திருக்கீங்க.”

“பரவால்லம்மா.”

“கடையத் தொறக்காம இங்க வந்து உக்காந்தா மரகதம் என்ன பண்ணும்? பின்னாடி நிக்கிற வண்டியப் புடிச்சுப் போங்க. திரும்புற டிரிப்பு நான் இருக்கேன்.”

எழுந்து படிக்கட்டு வரை வந்தேன்.

“நாளைக்கு எனக்கு லீவு கெடையாது” என்றாள். “காலை வண்டிய நீங்க பாத்துக்கங்க.”

அலாரம் நாலரைக்கு வைத்திருக்கிறேன். மரகதத்தை இன்னொரு அலாரமாக வைத்திருக்கிறேன்.